கதிரவனைப் பணிகொண்ட கண்ணாடி

எகிப்து நாட்டிற்கு நிலக்கரி கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. ஆதலின் அதன் விலை மிகுதி. வெயிலுக்கோ விலையில்லை. இதனை உணர்ந்த அமெரிக்கப் பொறியாளர் பிராங்க் ஷூமன், 1913-ஆம் ஆண்டில் கெய்ரோவையடுத்த மஆதி என்னும் ஊரில், ஏறத்தாழ 200 அடி நீளமுள்ள 5 கண்ணாடித் தொட்டிகளை நிறுவினார். பரவளைவாய் அமைந்த அவை கதிரவனைத் தொடர்ந்து திரும்பி, நடுவிலிருந்த கொதிகலத்தின்மீது ஒளியைக் குவித்தன. எழுந்த நீராவி பொறியை இயக்க, நைல் நதியின் நீர் வயல்களுக்கு ஏறியது. கடும் வெப்பத்தை நாடினால் செலவு பெருகும் என்றறிந்து, குறைந்த அழுத்த நீராவியிலேயே இயங்கும் பொறியை அவர் வகுத்துக்கொண்டார். 1914-இல் மூண்ட உலகப்போர் அம்முயற்சியைக் குலைத்தது. 1918-இல் அவரும் மறைந்தார். மலிவான எண்ணெய் வரவே, உலகம் அதனை மறந்தது. எனினும் 1984 முதல் கலிபோர்னியாவின் மொகாவி பாலைவனத்தில் அவ்வடிவக் கண்ணாடிகளே மின்சாரம் ஈன்றன. நேயர்களே, எரிபொருள் விலையேறும் போதெல்லாம் ஷூமன் போட்ட கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தல் தகும்.