பழைய மடிக்கணினியும் பழைய கணினி விளையாட்டுகளும்

பழைய கணினி விளையாட்டுகள் என்று இக்கட்டுரை குறிப்பிடுவது, 1981-இல் ஐபிஎம் தனிநபர் கணினி வெளிவந்தது முதல் 1990களின் இறுதி வரை எம்எஸ்-டாஸ் இயங்குதளத்துக்கும் தொடக்ககால விண்டோசுக்கும் எழுதப்பட்ட விளையாட்டுகளை. பழைய மடிக்கணினி என்பது, தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, பெரும்பாலும் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி. இவ்விரண்டும் இணையும் இடத்தில் ஒரு தொழில்நுட்ப வரலாறு உள்ளது. அதில் விளையாட்டை விடப் பெரிய கேள்வி ஒன்றும் அடங்கியுள்ளது. 30 ஆண்டுகளுக்கு முன் கணினியில் எழுதப்பட்டதை இன்று திறக்க முடியுமா என்பதே அது.

விலையில்லா மடிக்கணினி

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேனிலை வகுப்பு மாணவர்களுக்கும் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் எல்காட் நிறுவனம் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. அன்று செங்கல்பட்டு தனி மாவட்டம் அன்று. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பகுதி. 2019 நவம்பர் 29 அன்றுதான் அது தனி மாவட்டமானது. மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம் போன்ற வட்டங்களில் பல குடும்பங்களுக்கு வீட்டுக்குள் வந்த முதல் கணினி இதுவே.

திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில் விண்டோசுடன் பாஸ் லினக்சு இயங்குதளமும் இருந்தது. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய லினக்சு வெளியீடு. சி-டாக்கின் சென்னை மையத்துக்கு இதில் முதன்மைப் பங்கு உண்டு. மாணவர் பலர் அந்தப் பகுதியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் இன்று அக்கணினிகளுக்கு மறுவாழ்வு தரக்கூடியது லினக்சுதான். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் தேவை. 2011-ஆம் ஆண்டின் மடிக்கணினி இத்தேர்வில் தேறாது.

புதிய மென்பொருளுக்குப் போதாத இக்கணினி, பழைய விளையாட்டுகளுக்குத் தேவைக்கு மேற்பட்ட திறன் உடையது. முதல் ஐபிஎம் தனிநபர் கணினியின் இன்டெல் 8088 செயலி 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. டாஸ் நிரல்களுக்கு நேரடியாகக் கிடைத்த நினைவகம் 640 கிலோபைட் மட்டுமே.

விளையாட்டுகளின் காலம்

அலெக்சி பஜித்னோவ் மாஸ்கோவில் 1984-இல் டெட்ரிஸ் விளையாட்டை உருவாக்கத் தொடங்கினார். ஜோர்டன் மெக்னரின் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா 1989-இல் ஆப்பிள் II கணினிக்கும், 1990-இல் டாஸுக்கும் வந்தது. ஜான் ரொமேரோவின் டேஞ்சரஸ் டேவ், இந்தியப் பள்ளிகளின் கணினி அறைகளில் ‘டேவ்’ என்ற பெயரிலேயே அறிமுகமானது. ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கிய வூல்ஃபன்ஸ்டைன் 3டி விளையாட்டு 1992-இலும், டூம் விளையாட்டு 1993 டிசம்பர் 10 அன்றும் வெளியாயின. இவை நெகிழ்வட்டுகளில் கைமாறிப் பரவின. டூமின் முதல் பகுதியை யாரும் படியெடுத்துப் பகிரலாம் என்று நிறுவனமே அனுமதித்ததும் அதன் பரவலுக்குக் காரணம்.

ஏன் நேரடியாக இயங்குவதில்லை?

டாஸ் விளையாட்டுகள் வன்பொருளோடு நேரடியாகப் பேசியவை. திரைக்குரிய நினைவகத்தில் தாமே எழுதும். ஒலி அட்டையின் முகவரியைத் தாமே தேடும். இன்றைய இயங்குதளம் எந்த நிரலையும் அப்படி வன்பொருளைத் தொட விடாது.

இரண்டாவது தடை செயலியில் உள்ளது. 64-பிட் முறையில் இயங்கும் செயலியில், 8086 செயலியைப் போல நடந்துகொள்ளும் பழைய முறை கிடைப்பதில்லை. ஆகவே 64-பிட் விண்டோஸ் 16-பிட் நிரல்களை அறவே ஏற்காது.

மூன்றாவது தடை வேகம். பழைய விளையாட்டுகள் சில, செயலியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டவை. வேகமான கணினியில் பகைவர்கள் கண்மூடித் திறப்பதற்குள் திரையைக் கடந்துவிடுவார்கள். டர்போ பாஸ்கல் மொழியில் எழுதப்பட்ட நிரல்கள் பல, 200 மெகாஹெர்ட்சைத் தாண்டிய செயலிகளில் தொடக்கத்திலேயே ‘பிழை 200’ என்று காட்டி நின்றுபோயின. வேகத்தை அளக்கும் கணக்கில் விடை ஒதுக்கிய இடத்துக்குள் அடங்காமல் போனதே காரணம்.

தீர்வு: கணினிக்குள் கணினி

இத்தடைகளுக்கு விடையாக வந்தவை எமுலேட்டர்கள், அதாவது ஒரு கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்கள். 2002-இல் முதல் வெளியீடு கண்ட டாஸ்பாக்ஸ், பழைய செயலி, திரை அட்டை, சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை ஆகிய அனைத்தையும் மென்பொருளாகவே செய்து காட்டுகிறது. விளையாட்டுக்குத் தான் 1990-இல் இருப்பதாகவே தோன்றும்.

பயன்படுத்தும் முறை எளிது. விளையாட்டின் கோப்புகளை ஒரு கோப்புறையில் வைக்க வேண்டும். டாஸ்பாக்சைத் திறந்து, ‘மவுண்ட்’ கட்டளையால் அக்கோப்புறையை சி வட்டாக அறிவிக்க வேண்டும். பிறகு சி வட்டுக்கு மாறி, விளையாட்டின் இயக்கக் கோப்பின் பெயரைத் தட்டச்சு செய்தால் போதும். விளையாட்டு மிக வேகமாக ஓடினால் கண்ட்ரோல் விசையுடன் எஃப்11 விசையை அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம். எஃப்12 விசை வேகத்தைக் கூட்டும்.

2001-இல் தொடங்கிய ஸ்கம்விஎம் வேறு வழியில் செல்கிறது. அது கணினியைப் போலச் செய்வதில்லை. கதைவழி விளையாட்டுகளின் இயக்க நிரலையே புதிதாக எழுதி, பழைய தரவுக் கோப்புகளை மட்டும் படிக்கிறது. 1993-இல் தொடங்கிய வைன், விண்டோஸ் நிரல்களை லினக்சில் இயக்க உதவுகிறது. இவை அனைத்தும் கட்டற்ற மென்பொருள்கள். எடை குறைந்த லினக்சு வெளியீடு ஒன்றை நிறுவினால், 2 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியிலும் இவை இயங்கும்.

மாமல்லபுரமும் சதுரங்கமும்

2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடைபெற்றது. ஆட்டங்கள் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடந்தன. பொதுப் பிரிவில் உசுபெக்கிசுத்தானும் மகளிர் பிரிவில் உக்ரைனும் தங்கம் வென்றன. சென்னையைச் சேர்ந்த குகேஷ் முதல் பலகையில் தனிநபர் தங்கம் பெற்றார்.

கணினி விளையாட்டுகளுள் மிகப் பழைய மரபுகளுள் ஒன்று சதுரங்கத்துக்கு உரியது. பீட்டர் ஜென்னிங்ஸ் 1976-இல் வெளியிட்ட மைக்ரோசெஸ், ஏறத்தாழ 1 கிலோபைட் நினைவகத்தில் சதுரங்கம் ஆடியது. 1988-இல் வந்த பேட்டில் செஸ் விளையாட்டில், காய் வெட்டப்படும்போது வீரர்கள் திரையில் மோதிக்கொள்வார்கள். இவ்விரண்டையும் பார்த்தபின் அதே மடிக்கணினியில் 2008-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருளான ஸ்டாக்ஃபிஷை இயக்கிப் பார்க்கும் மாணவருக்கு, கணினிச் சதுரங்கம் கடந்த தொலைவு ஒரே திரையில் விளங்கும். இணைய இணைப்போ கட்டணமோ இதற்குத் தேவையில்லை.

கடற்காற்றும் காப்பும்

மாமல்லபுரக் கடற்கரைக் கோயில் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தில் எழுப்பப்பட்டது. அதன் கல்லில் ஏறும் உப்பை இந்தியத் தொல்லியல் துறை காகிதக் கூழைப் பூசி உறிஞ்சி எடுக்கிறது. கருங்கல்லையே அரிக்கும் காற்றில் மின்னணுப் பொருள்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. மடிக்கணினியின் இணைப்பு முனைகளில் துரு ஏறும். நெகிழ்வட்டிலும் குறுவட்டிலும் பூஞ்சை படரும். எனவே கடலோர ஊர்களில் பழைய வட்டுகளை வைத்திருப்போர் முதலில் செய்ய வேண்டியது, அவற்றின் உள்ளடக்கத்தை முழுப் படிமமாக எடுத்து இரண்டு இடங்களில் சேமிப்பது.

தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு மெக்னரின் அனுபவம் சான்று. பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் மூல நிரல் தொலைந்துவிட்டது என்றே அவர் பல ஆண்டுகள் எண்ணியிருந்தார். 2012-இல் அவருடைய தந்தை வீட்டில் நெகிழ்வட்டுகளைக் கண்டெடுத்தார். வல்லுநர்கள் துணையோடு அவை படிக்கப்பட்டு, நிரல் பொதுவெளியில் வெளியிடப்பட்டது. எல்லா விளையாட்டுக்கும் இந்த நற்பேறு வாய்ப்பதில்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேசன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

பதிப்புரிமை

விற்பனையில் இல்லை என்பதால் ஒரு விளையாட்டு பொதுச்சொத்து ஆகிவிடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் பிரிவு 52, முறையாக ஒரு மென்பொருளை வைத்திருப்பவர் இழப்புக்கு எதிரான காப்புப் படி எடுத்துக்கொள்ள இடமளிக்கிறது. அதை ஊருக்கெல்லாம் பகிர இடமளிக்கவில்லை. உரிமையாளரே இலவசமாக்கிய விளையாட்டுகளும் உள்ளன. 1994-இல் வந்த பினீத் எ ஸ்டீல் ஸ்கை 2003-இல் இலவசமாக்கப்பட்டது. டூமின் மூல நிரல் 1997-இல் வெளியிடப்பட்டது. அதற்கேற்ற படங்களையும் ஒலிகளையும் ஃப்ரீடூம் திட்டம் புதிதாக உருவாக்கித் தருகிறது. மாணவர்கள் இவற்றிலிருந்து தொடங்குவது நல்லது.

தமிழுக்கு இதில் என்ன?

டாஸ் காலத்தில் விளையாட்டுகள் மட்டும் எழுதப்படவில்லை. கனடாவில் முனைவர் சீனிவாசன் உருவாக்கிய ஆதமி என்ற தமிழ்ச் சொற்செயலி 1984-ஐச் சேர்ந்தது. அதுவும் டாஸ் மென்பொருளே. 1990களில் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றத்தைக் கொண்டிருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்’99 மாநாடு டாம், டாப் என்ற தரங்களை முன்வைத்தது. இணையத் தமிழர்களிடையே திஸ்கி பரவியது. 2010-இல்தான் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன் மின்னூல்களைக் குறியேற்றம் மாறும்போதெல்லாம் மாற்றியமைத்துக் காத்தது. அத்தகைய உழைப்பு கிடைக்காத கடிதங்களும் சிற்றிதழ்ப் பக்கங்களும் ஊர் அச்சகங்களின் கோப்புகளும் பழைய வன்தட்டுகளில் உறங்குகின்றன. கோப்பு கிடைத்தாலும், உரிய எழுத்துருவும் அதை இயக்கிய மென்பொருளும் இல்லையேல் அது வெறும் குறியீட்டுக் குவியல்.

டேவ் விளையாட்டை இயக்கக் கற்ற மாணவர், வட்டைப் படிமமாக எடுக்கவும், பழைய இயங்குதளத்தை எமுலேட்டரில் அமைக்கவும், கோப்பு ஏன் திறக்கவில்லை என்று காரணம் தேடவும் கற்றுவிட்டார். பழைய தமிழ் ஆவணங்களை மீட்கவும் இதே திறன்தான் வேண்டும். அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த கருவி அப்பணிக்கு இன்றும் போதும். அது குப்பைக்குப் போகும் முன் அதன் வன்தட்டில் என்ன உள்ளது என்று ஒருமுறை பார்த்துவிடுவது, இப்பணியின் முதல் படி.