மயிர்க்கண் முரசமும் முரசுகட்டிலும்

பண்டைத் தமிழ் வேந்தர் தம் அரசுரிமைக்கு அடையாளமாகக் கொண்டவற்றுள் முரசு, குடையோடும் கொடியோடும் ஒருங்கு வைத்து எண்ணப்படுவது. வீரமுரசு, நியாயமுரசு, தியாகமுரசு என அதனை மூன்றாக வகுத்துரைத்தலை மாணவர் நன்கு அறிவர். ஈண்டு யாம் ஆராயப் புகுவது அதன் முழக்கத்தை அன்று. அதன்மேற் போர்த்த தோலையும், அது காண்பார்முன் வைக்கப்பெற்ற முறையையுமேயாம்.

முரசுக்குரிய தோல் எளிதிற் கிடைக்கும் யாதானுமொரு விலங்கின் தோலன்று. மண்ணைக் குத்திக் கிளறிய கூரிய கொம்புடைய ஏறுகள் இரண்டைப் பொரவிட்டு, வென்றதன் தோலை மயிர் சீவாது போர்த்தனர் என்பது புறநானூற்று 288 ஆம் பாட்டாற் பெறப்படும். மதுரைக்காஞ்சியும் கொல்லேற்றின் சீவாத தோலையே கூறுகின்றது. இந்திரவிழாவை அறிவித்தற்பொருட்டு வச்சிரக்கோட்டத்திலிருந்து யானைப் பிடரில் ஏற்றப்பட்டதாக மணிமேகலை கூறும் முரசும் ஏற்றுரி போர்த்ததே. சீவகசிந்தாமணிக்கு வருங்கால், அவ்வேறு புலியோடு பொருது வென்ற ஏறாகிவிடுகின்றது. இது வழக்கத்தின் வளர்ச்சி என்பதினும் கற்பனையின் வளர்ச்சி எனலே பொருத்தமாம்.

மயிரை ஏன் நீக்காது விட்டனர்? மத்தளம் முதலிய கருவிகளில் மயிர் நீக்கிய தோலையே இன்று காண்கின்றோம். இன்னிசைக்கு அதுவே ஏற்றது. ஆகவே மயிர்க்கண் முரசின் மயிர் ஒலிக்காக விடப்பட்டதன்று. கண்ணுக்காக விடப்பட்டது என்பது எம் கருத்து. நிறமும் மயிரும் மாறாதிருந்தாலன்றோ அது வென்ற ஏற்றின் தோல் என்பதைப் பார்த்தவுடன் அறியலாகும்! முரசின் உடல் செய்த மரத்திற்கும் இவ்வாறே ஒரு வரலாறு உண்டு. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரது காவல்மரமாகிய கடம்பினை வெட்டி முரசு செய்தான். செங்குட்டுவன் மோகூர் மன்னனின் முரசைக் கைப்பற்றியதோடு அமையாது, அவனது வேம்பினையும் முரசு செய்தற்பொருட்டு வெட்டினான். தோற்றவன் மரத்தின்மேல் வென்ற ஏற்றின் தோல்!

இத்தகைய முரசைத் தரையில் வைப்பாரல்லர். அதற்கென ஒரு கட்டில் உண்டு. புறநானூற்று 50 ஆம் பாட்டில் அதனைக் கண்ணாரக் காணலாம். வாரினால் இறுகப் பிணித்த முரசுக்கு மயிற்பீலியும் பொன்னாலாய உழிஞையும் சூட்டி, நீராட்டக் கொண்டு சென்றிருக்கின்றனர். எண்ணெய் நுரையை முகந்து வைத்தாற்போன்ற மெல்லிய பூஞ்சேக்கை வெறுமையாய்க் கிடக்கின்றது. வழிநடந்து களைத்த மோசிகீரனார் அறியாது அதன்மேல் ஏறி உறங்கிவிட்டார். இக்குற்றத்துக்குத் தண்டம், வாளால் இரு கூறாக வெட்டப்படுதல். ஆயின், தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையோ வாளை விடுத்து அவர்க்குக் கவரி வீசி நின்றான். இவ்வரலாற்றைப் புலவர்க்குச் செய்த சிறப்பாகவே நாம் படித்து வருகின்றோம். அது மெய்யே. ஆயினும், முரசு இல்லாத வேளையிலும் அதன் வெற்றிருக்கையைத் தீண்டினோர்க்கு உயிர் போகும் என்னும் செய்தியும் அப்பாட்டிலேயே உளது.

தோல் நெடுங்காலம் நில்லாத பொருள். ஆதலின், சங்ககால முரசொன்றை இன்று எந்த நூதனசாலையிலும் காண்டற்கில்லை. அதனைக் காட்டுவன பாட்டுக்களே. அவை வேந்தனைக் கூறுகின்றன; புலவனைக் கூறுகின்றன; பொருத ஏற்றையும் வீழ்ந்த மரத்தையும் கூறுகின்றன. அவ்வேற்றின் தோலை உரித்துப் பதப்படுத்தி, வார் அறுத்து, இறுக விசித்த கைகள் எவருடையவை? இவ்வினாவுக்கு விடை தேடுவார்க்கு முரசைப் பாடும் அப்பாட்டுக்களில் ஒரு பெயரும் கிட்டவில்லை. 82 ஆம் பாட்டிற் கட்டில் பிணிப்போனும், 287, 289 ஆம் பாட்டுக்களிற் பறை முழக்குவோனும் 'இழிசினன்' என்னும் சொல்லாலேயே சுட்டப்படுகின்றனர். கட்டிலும் முரசும் வழிபடப்பெற்ற அதே நூலில்தான் இச்சொல்லும் உளது.