பள்ளி போனாலும் பதிவேடு இருக்கிறது

கொங்கு நாட்டுக் கத்தோலிக்கப் பள்ளிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள், எந்தச் சாமியார் எந்த ஆண்டில் கட்டினார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். யாரைச் சேர்த்தார்கள், எங்கே உட்கார வைத்தார்கள், சான்றிதழில் என்ன சாதி, என்ன மதம் என்று எழுதினார்கள்? இதையெல்லாம் கேட்பதில்லை. அன்னூர்க்காரனாகிய நான் அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் பழைய கதையைக் கிளறுகிறேன்.

அன்னூருக்குத் தென்கிழக்கே கருமத்தம்பட்டி. மதுரை மிஷன் காலத்திலேயே சேசு சபையார் வந்த ஊர். அந்த மிஷனில் மேல்சாதிக்குச் சந்நியாசி சாமியார், மற்றவர்களுக்குப் பண்டார சாமியார். பறையர் வீட்டுக்கும் குருக்கள் போயே தீரவேண்டும் என்று 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் ஆணையிட்டார். மிஷன் என்ன செய்தது? பறையருக்கென்றே தனிக் குருக்களை ஒதுக்கியது. ஆணையும் நிறைவேறியது, சாதியும் தப்பித்துக்கொண்டது.

1846இல் இதே கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் பெற்றார் மரியோன் தெ பிரெசியாக். உள்நாட்டுக் குருக்களை உருவாக்க வேண்டுமென்று நின்றவர். சாதிச் சடங்குகளை எதுவரை பொறுப்பது என்ற கேள்வி அவரை அரித்தது. 1855இல் பதவி விலகினார். மறு ஆண்டே ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தொடங்கி, 1859இல் ஃப்ரீடவுனில் இறந்தார். ஆயருக்கு ராஜினாமா என்றொரு வழி இருந்தது. சேரிக் கிறிஸ்தவனுக்கு எங்கேங்க அது?

செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் பறையர் நிலை பற்றி அறிக்கை எழுதினார். 1893இல் சென்னை அரசாங்கம் பஞ்சமர் கல்விக்குத் தனிச் சலுகைகள் அறிவித்தது. பொதுப் பள்ளியில் நுழைய முடியாத நம் பிள்ளைகளில் பலர் 'அ' எழுதியது மிஷன் பள்ளித் திண்ணையில்தான். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எழுத்துக் கொடுத்த அதே பள்ளியின் பதிவேடு பின்னால் நமக்கு எதிராகத் திரும்பியது.

1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. சென்னைச் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை உச்சநீதிமன்றம்வரை போனார். மதம் மாறிய பின்னும் இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று 1985இல் நீதிமன்றம் கேட்டது. தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். ஊரில் அதே வளவில்.

அதனால்தான் நம் வளவுகளில் பலருக்கு இரண்டு பெயர். கோயிலில் அந்தோணி, சர்டிபிகேட்டில் முருகன். "பேரு ரெண்டு, தொரத்தறது ஒண்ணுதானுங்க" என்பார்கள் பெரியவர்கள். இதை மோசடி என்கிறவர்கள், இந்த இரட்டைப் பெயரை உண்டாக்கிய சட்டத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் பட்டியல் சாதிக் கோரிக்கையை உச்சநீதிமன்றம் நிராகரித்தபோது, அவர் குழந்தையாய் இருந்தபோது பெற்ற ஞானஸ்நானமும் சாட்சிக்கு வந்தது.

மதக் கட்டுப்பாட்டை நீக்கச் சொன்ன ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் அறிக்கை வந்தது 2007இல். 2022இல் பாலகிருஷ்ணன் ஆணையம் என்று மறுபடியும் விசாரணை.

பழைய ஆரம்பப் பள்ளிகள் மூடப்படலாம், கட்டடம் இடிக்கப்படலாம். பதிவேடு மட்டும் பேசிக்கொண்டே இருக்கும். தோழர்களே, அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நம் பாட்டன் பூட்டன் பெயருக்கு எதிரே எழுதியிருப்பதைப் படித்து, நம் வரலாற்றை நாமே எழுதுவோம்.