ரெய்டு

எதிர்பாராத நேரத்தில் புகுந்து தாக்கி, கிடைத்ததைக் கவர்ந்தோ அழித்தோ உடனே திரும்பிவிடுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ரெய்டு. பிடித்த இடத்தில் தங்கி ஆள்வது இதன் நோக்கமல்ல. படையெடுப்பிலிருந்து இதைப் பிரிப்பது அதுதான்.

பழைய ஆங்கிலத்தில் ‘ராட்’ என்றால் குதிரையேறிப் போவது. அப்படிப் போய்த் தாக்குவதும் அதுவே. இங்கிலாந்தின் தென்பகுதியில் அதன் ஆகாரம் ஓகாரமாகத் திரிந்து ‘ரோடு’ ஆனது. வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் அது ‘ரெய்டு’ என நின்றது. ஆக, ரோடும் ரெய்டும் ஒரே வேரில் பிறந்தவை. ‘ரோடு’ சாலையைக் குறிக்கத் தொடங்கியது 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

சொல்லுக்கு உரம் சேர்த்தது இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லை. அங்கே 13ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஆம்ஸ்ட்ராங், எலியட், கிரஹாம் போன்ற குடும்பங்கள் ஆநிரை கவர்வதைப் பிழைப்பாகவே கொண்டிருந்தன. கோடையில் மேய்ந்து கொழுத்த மாடுகள் நெடுந்தூரம் நடக்கும், இரவும் நீளும். அதனால் இலையுதிர் காலமும் குளிர்காலமுமே அவர்களுக்குப் பருவம். பறிகொடுத்தவர் ஆறு நாட்களுக்குள் ஈட்டி முனையில் எரியும் புல்கரணையைக் குத்தி ஏந்தி, வேட்டை நாய்களோடு எல்லை தாண்டித் துரத்தலாம். சட்டமே அதை அனுமதித்தது. வசதியுள்ளவர்கள் கல் கோபுரம் கட்டி, கீழ்த்தளத்தில் மாடுகளை அடைத்து, மேலே தாங்கள் ஒடுங்கினார்கள். மற்றவர்கள் கொள்ளையருக்கே கப்பம் கட்டினார்கள். ‘பிளாக்மெயில்’ என்ற சொல் அந்தக் கப்பத்துக்கு வைத்த பெயர்தான்.

1603இல் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இரு நாடுகளுக்கும் அரசரானதும் எல்லைக் குடும்பங்கள் கடுமையாக ஒடுக்கப்பட்டன. தொழில் போனது, சொல்லும் வழக்கொழிந்தது. அதற்கு மறுபடி உயிர் கொடுத்தவர் வால்டர் ஸ்காட். எல்லைப் பகுதிக் குடும்பத்தில் வந்த அவர் 1805இல் வெளியிட்ட நெடுங்கவிதையிலும், பின்னர் ‘ராப் ராய்’ நாவலிலும் அதைப் பயன்படுத்தினார். ஸ்காட்டின் எழுத்து அந்த வாழ்க்கைக்கு வீர மெருகு ஏற்றியது. ஒரே இரவில் மாடுகளை இழந்து பட்டினியை எதிர்கொண்ட குடியானவரின் துயரம் அந்த மெருகில் மங்கிவிட்டது என்றே சொல்லவேண்டும்.

அதன்பின் சொல் குதிரையை விட்டிறங்கிவிட்டது. 1895 டிசம்பர் இறுதியில் ஜேம்சன் என்பவர் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் குடியரசுக்குள் படையுடன் புகுந்து, சில நாட்களிலேயே சரணடைந்த நிகழ்வு வரலாற்றில் ‘ஜேம்சன் ரெய்டு’ எனப் பதிவானது. முதல் உலகப் போரில் செப்பலின் வான்கப்பல்கள் இங்கிலாந்தில் குண்டு வீசியபோது ‘ஏர் ரெய்டு’ அன்றாடச் சொல்லானது. காவல்துறையின் திடீர்ச் சோதனைக்கும் அதே பெயர் வந்தது.

தமிழில் ரெய்டு என்றதும் வருமான வரித்துறைதான் நினைவுக்கு வரும். ஆனால் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 132ஆம் பிரிவில் இதைத் தேடுதல், கைப்பற்றுதல் என்றே குறிப்பிட்டது. ரெய்டு என்பது மக்களும் செய்தித்தாள்களும் வைத்த பெயர். கபடியில் எதிரணிக் களத்துக்குள் பாடிச் சென்று, ஆளைத் தொட்டு, மூச்சு விடாமல் திரும்புபவரும் இன்று ‘ரெய்டர்’தான்.