கடலோர பங்களாவும் கொல்லைப்புறமும்: பினாங்கின் பழைய இல்லங்களில் புதிய இணைப்புகள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பினாங்குத் தீவில் தமிழர் பெற்றிருந்த இடத்தை ஆராய்ந்த அறிஞர்கள் பெரும்பாலும் கோயில், பள்ளிவாசல், கடைத்தெரு, துறைமுகம் ஆகிய நான்கையே களமாகக் கொண்டுள்ளனர். மகாமாரியம்மன் கோயிலும், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சூலியா தெருவும், பினாங்குத் தெருவின் செட்டியார் கிட்டங்கிகளும் நம் கட்டுரைகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. இது பொருத்தமானதே. எனினும் ஜார்ஜ் டவுனின் வடகடற்கரையை ஒட்டி நிற்கும் பழைய பங்களாக்களை நாம் நமக்குத் தொடர்பற்றவையாக விட்டுவிட்டோம். அவை ஆங்கிலேயருக்கோ சீனச் செல்வந்தருக்கோ உரியவை என்பதே பொதுவான எண்ணம்.

உரிமைப் பத்திரத்தை மட்டும் நோக்கினால் இவ்வெண்ணம் சரியே. சுவரை நோக்கினால் அது போதாது. இன்று இப்பங்களாக்களில் எஞ்சியவை பலவும் பின்புறத்தில் புதிய கட்டடம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டே உயிர்வாழ்கின்றன. அவ்விணைப்புகள் எதைக் காக்கின்றன, எதை அழிக்கின்றன என்னும் வினாவைத் தமிழர் வரலாற்றின் நோக்கிலிருந்து எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பங்களா: சொல்லும் வடிவும்

பங்களா என்னும் சொல் வங்காளத்தின் பெயரிலிருந்து பிறந்தது. வங்கக் கிராமத்துக் குடிசையின் தாழ்ந்த கூரையும் அதனைச் சுற்றிய திண்ணையும் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் தங்குமிடங்களாக உருமாறின. பின்னர் அவ்வடிவம் உலகெங்கும் பரவியதை ஆன்டனி கிங் 1984இல் வெளியிட்ட நூல் விரிவாக ஆராய்ந்துள்ளது. சென்னையில் இதற்கு இணையாகத் தோட்ட வீடு என்னும் மரபு வளர்ந்தது. கோட்டைக்குள் நெருக்கமாக வாழ்ந்த கம்பெனி வணிகரும் அலுவலரும் பதினெட்டாம் நூற்றாண்டில் வெளியே விரிந்த தோட்டங்களுக்கு நடுவில் வீடு கட்டிக்கொண்டனர். உயர்ந்த அடித்தளம், அகன்ற தாழ்வாரம், பளபளக்கும் வெண்சுண்ணக் காரை ஆகியன அவற்றின் அடையாளங்கள்.

இவ்விரு மரபுகளும் பினாங்கை வந்தடைந்ததில் வியப்பில்லை. 1786இல் தீவைக் கம்பெனிக்காகக் கைக்கொண்ட பிரான்சிஸ் லைட், அதற்கு முன்னர் சென்னை வணிக நிறுவனம் ஒன்றின் முகவராக இக்கடற்பகுதியில் வணிகம் செய்தவர். அவருடைய மிளகுத் தோட்டம் இருந்த நிலத்தில் பின்னர் எழுந்த சஃபோக் இல்லம், சென்னைத் தோட்ட வீடுகளின் உறவினர் என்றே கூறத்தக்கது. ஆற்றோரத்தில் நிற்கும் அவ்வில்லம் பாழடைந்து கிடந்து, 2007இல் சீரமைக்கப்பட்டு, மறு ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருதினையும் பெற்றது.

ஆகவே, பங்களா தொடக்கத்திலிருந்தே பல கைகள் சேர்த்துச் சேர்த்து வளர்த்த வடிவமாகும். குடிசைக்குத் திண்ணை சேர்ந்தது. திண்ணைக்குத் தூண் சேர்ந்தது. தூணுக்கு மேல் மாடி சேர்ந்தது. பழைய வீட்டில் புதியது சேர்வதே தவறு என்னும் வாதம் இதனால் வலுவிழக்கிறது. எப்படிச் சேர்கிறது என்பதே ஆராயத்தக்கது.

வடகடற்கரைச் சாலையின் தோற்றம்

1805இல் பினாங்கு, வங்காளம், சென்னை, பம்பாய் ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது மாகாணமாக உயர்த்தப்பட்டது. ஆளுநரும் ஆலோசனை உறுப்பினரும் எழுத்தரும் கப்பல் கப்பலாக வந்திறங்கினர். அவர்களுள் ஒருவராக வந்த ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ், கடலோரத்தில் ரன்னிமீட் என்னும் இல்லத்தை அமைத்துக்கொண்டார். நகரின் நெருக்கடிக்கு அப்பால், கடற்காற்று நேரே வீசும் இப்பகுதி பின்னாளில் நோர்தம் சாலை எனப் பெயர் பெற்றது. இன்று அது ஜாலான் சுல்தான் அகமது ஷா.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஈயமும் இரப்பரும் தந்த செல்வத்தால் சீன வணிகர் இச்சாலையில் மாளிகைகள் எழுப்பினர். பங்களாவைப் பினாங்கு ஹொக்கியன் மொழியில் வெள்ளையர் வீடு என்னும் பொருளில் ஆங் மோ லாவ் என்றனர். 1919இல் லிம் மா சாய் என்பாருக்காகக் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ஸ்டார்க் வடிவமைத்த ஹோம்ஸ்டெட் மாளிகை இவற்றுள் குறிப்பிடத்தக்கது. அது பின்னர் வங்கியாளர் இயாப் சோர் ஈயின் உடைமையாயிற்று.

சுண்ணாம்பும் கைகளும்

கட்டியவர் யார் என்பதை இனிக் காண்போம். தொடக்க காலப் பினாங்கில் சாலைகளையும் அரசுக் கட்டடங்களையும் அமைத்ததில் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பு பெரிது. 1818இல் நிறைவெய்திய புனித ஜார்ஜ் தேவாலயம் அவர்கள் கைவண்ணமே. நீரிணைக் குடியேற்றங்களில் இந்தியக் கைதிகளை வைத்திருந்த முறை 1873இல் முடிவுற்றது. அவர்களை மேற்பார்த்த மேஜர் மக்நாயர் 1899இல் வெளியிட்ட நூலில், சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரூ தேவாலயத்திற்குச் சென்னைச் சுண்ணக்காரை பூசிய முறையை விளக்கியுள்ளார். கிளிஞ்சற் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, கரடான வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்துப் பூசி, உலர்ந்தபின் உருண்டைக் கல்லால் தேய்த்துப் பளபளப்பேற்றினர் என்பது அச்செய்தியின் சாரம்.

செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவர்க்கு இது புதிய செய்தியன்று. அங்கும் சுண்ணாம்பும் வெண்கருவும் கருப்பட்டியும் கடுக்காயும் கூடியே அக்கண்ணாடிப் பரப்பை உண்டாக்கின. ஆங்கிலத்தில் இக்காரைக்குச் சுனம் என்றே பெயர். அச்சொல் தமிழ்ச் சுண்ணத்திலிருந்து சென்றதா, வடமொழிச் சூர்ணத்திலிருந்து வந்ததா என்பது பற்றி 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியே உறுதியாகக் கூறவில்லை. சொல்லின் வேர் எதுவாயினும், காரையின் பெயரிலேயே சென்னை ஒட்டிக்கொண்டிருப்பது வரலாற்றுச் சான்றாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. கைதிகள் அனைவரும் தமிழர் எனக் கூறுவது உண்மைக்குப் புறம்பானது. வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணங்களிலிருந்தும் அவர்கள் வந்தனர். சீனக் கொத்தரும் தச்சரும் பினாங்கின் கட்டடக் கலையில் ஆற்றிய பங்கு மிகப் பெரிது. நாம் கோர வேண்டியது முழு உரிமையன்று. விடுபட்ட பெயரைச் சேர்க்கும் உரிமையே.

இணைப்புகள்: மூன்று சான்றுகள்

முதற் சான்று, சார்க்கீஸ் சகோதரர் என்னும் ஆர்மீனியர் 1885இல் நிறுவிய ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல் தங்குவிடுதி. 1920களில் இதற்கு விக்டரி என்னும் இணைப்புக் கட்டடம் எழுந்தது. நெடுங்காலம் தேய்ந்த விடுதி 1996இல் மூடப்பட்டுச் சீரமைக்கப்பட்டு 2001இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2013இல் பழைய விக்டரியின் பெயரிலேயே புதிய உயர்மாடி இணைப்பு திறக்கப்பட்டது. 2008இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தபின் 18 மீட்டர் உயரக் கட்டுப்பாடு குறித்து எழுந்த விவாதத்தில் இவ்விணைப்பும் பேசப்பட்டது. பழைய முகப்பு காக்கப்பட்டது. ஆனால் கடலிலிருந்து நோக்கும் கண்ணுக்கு முதலில் தென்படுவது புதியதே.

இரண்டாம் சான்று ஹோம்ஸ்டெட். உடைமையாளர் குடும்பத்தினர் இதனைக் கல்விப் பணிக்கு வழங்கினர். 2007இல் மாணவரைச் சேர்க்கத் தொடங்கிய வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகமாக இது விளங்குகிறது. கல்விக்கு வேண்டிய புதிய கட்டடங்கள் வளாகத்தில் எழுந்தாலும், மாளிகை தன் தோட்டத்தோடும் கடலோடும் கொண்ட உறவை இழந்துவிடவில்லை. புதிய பயன் பழைய வீட்டைக் காப்பாற்றக்கூடும் என்பதற்கு இது சான்று.

மூன்றாம் சான்று துயரமானது. ராஃபிள்ஸ் அமைத்த முதல் இல்லம் நெடுங்காலத்திற்கு முன்பே மறைந்தது. அந்நிலத்தில் ரன்னிமீட் தங்குவிடுதி எழுந்து புகழ்பெற்றது. 2016 பிப்ரவரியில், சீனப் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில், முதன்மைக் கட்டடத்தைச் சூழ்ந்திருந்த துணைக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. திட்ட அனுமதி 1999இலேயே வழங்கப்பட்டிருந்தது. முதன்மைக் கட்டடம் மட்டும் நின்றது. இதே சாலையில் 1993 கிறிஸ்துமஸ் நாளில் மெட்ரோபோல் தங்குவிடுதியாக விளங்கிய பழைய மாளிகை தரைமட்டமாக்கப்பட்டதை நினைவுகூர்வோர் இன்றும் உளர்.

டிரான்ஸ்ஃபர் சாலைக்கு மேற்கே உள்ள இம்மாளிகைகள் உலக மரபுடைமை எல்லைக்கு வெளியே அமைந்துள்ளன என்பது கவனிக்கத்தக்கது. நகரின் கடைவீடுகளுக்கு 2000ஆம் ஆண்டு வரை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 2008 முதல் யுனெஸ்கோ தகுதியும் ஏதோ ஒருவகையில் அரணாயின. கடலோர பங்களாவுக்கு அத்தகைய அரண் குறைவு. நிலத்தின் விலையே அதன் விதியை எழுதுகிறது.

சுவரும் சுவரும் சேருமிடம்

இணைப்பைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் தோற்றத்தோடு நின்றுவிடுகிறது. 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், புதிதாகச் சேர்ப்பது தன் காலத்தின் முத்திரையைக் காட்டி வேறுபட்டு நிற்க வேண்டும் என்றும், பழையதன் சமநிலையைக் குலைக்கலாகாது என்றும் நெறி வகுத்தது. கடலோர பங்களாவைப் பொறுத்தவரை இதனினும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. அது சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் இடையே உள்ளது.

சுண்ணக்காரை நுண்துளைகள் உடையது. நிலத்திலிருந்து செங்கல்லில் ஏறும் ஈரம் அதன் வழியாக வெளியேறி உலர்கிறது. கடலோரத்தில் அவ்வீரத்தோடு உப்பும் வருகிறது. பழைய சுவரின்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி மேலும் உயரே ஏறுகிறது. உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்குகிறது. காரையைப் பழுதுபார்ப்பதாக எண்ணிச் செய்யும் பூச்சே சுவருக்குக் கேடாய் முடிகிறது. அடித்தளத்திலும் இம்முரண் உண்டு. பழைய வீடு அகன்ற செங்கல் அடிமானத்தில், மண்ணோடு சிறிது அசைந்து நிற்கிறது. ஆழத் தூண்களில் நிற்கும் புதிய கட்டடமோ அசைவதில்லை. இரண்டையும் இறுகப் பிணைத்தால் பிணைத்த இடத்தில் வெடிப்பு விழும். நல்ல இணைப்பு இடையே சிறு இடைவெளியையோ, இலேசான நடைவழியையோ விட்டு நிற்கும்.

இச்சாலையில் ஒரு பழைய வீட்டைக் காண மாணவரோடு சென்றிருந்தபோது, புதுச் சுவர் தொட்ட இடத்தில் பழைய சுவர் வெண்பொடியாய் உதிர்வதைக் கண்டோம். அதற்குப் பெயர் என்னவென ஒரு மாணவி வினவினார். உப்புப் பூத்தல் என்றேன். காரை, சுதை, நீற்றல், கொத்தனார், சித்தாள் என ஒவ்வொரு சொல்லையும் விளக்க வேண்டியிருந்தது. இச்சுவரை எழுப்பிய சொற்களே அன்று அவர்களுக்குப் புதியனவாக இருந்தன.

கொல்லைப்புறம்

பினாங்கு பங்களா ஒற்றை வீடன்று. முன்னே முதன்மை இல்லம். பின்னே மூடிய நடைவழியால் சேர்ந்த அடுக்களை, குதிரைக் கொட்டில், பணியாளர் அறைகள். ஹைனானியச் சமையற்காரரும், மலாய் வண்டியோட்டியும், தமிழ்த் தோட்டக்காரரும், சலவைத் தொழிலாளியும் இயங்கிய உலகம் அது. வீட்டின் பெயரேட்டில் இடம்பெறாத குழந்தைகள் பலர் வளர்ந்த இடமும் அதுவே.

புதிய கட்டடத்திற்கு இடம் தேடும்போது முதலில் பலியாவது இக்கொல்லைப்புறமே. முகப்புக்கு அழகு உண்டு. கட்டடக் கலைஞரின் பெயர் உண்டு. அதனால் காவலும் உண்டு. பின்கட்டுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. முகப்பை நிறுத்திப் பின்கட்டை அகற்றி அங்கே உயர்மாடி எழுப்புவதை மரபுடைமைப் பாதுகாப்பு என்று அழைக்கும்போது, செல்வந்தரின் வரலாறு காக்கப்படுகிறது. உழைத்தவரின் வரலாறு தூர்க்கப்படுகிறது. ரன்னிமீட் நிகழ்வில் எழுந்த குரல்கள் துணைக் கட்டடங்களும் ஓர் இடத்தின் உடலே என்பதைச் சுட்டின. அவ்வுணர்வு பணியாளர் அறைகளுக்கும் எட்ட வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், பழைய பங்களாவோடு புதிய கட்டடம் சேர்வது அவ்வடிவத்தின் வரலாற்றுக்கு அயலானதன்று என்பதும், இணைப்பின் தகுதியை அதன் தோற்றத்தால் மட்டும் அளக்கலாகாது என்பதும் பெறப்படும். பழைய சுவர் மூச்சுவிட அது இடம் தருகிறதா, கொல்லைப்புறத்தை நினைவில் வைத்திருக்கிறதா என்னும் இரு வினாக்களே அளவுகோலாதல் வேண்டும்.

இந்திய ஆய்வியல் துறையினராகிய நமக்கு இதில் பணி உண்டு. பின்கட்டுகளில் பிறந்து வளர்ந்தோர் இன்று முதுமையில் உள்ளனர். அவர்களின் வாய்மொழிகளைப் பதிவு செய்வதும், கொத்தரின் சொற்களைத் தொகுப்பதும் காலம் தாழ்த்தக்கூடாதவை. வடகடற்கரைச் சாலையின் சுவர்களில் சென்னைச் சுண்ணம் இன்னும் சில இடங்களில் எஞ்சியுள்ளது. அது உதிர்ந்து முடியுமுன் அதனை வாசிக்கக் கற்பது நம் கடமையாகும்.