மரம் வைத்த கணக்கு

வானசாஸ்திரிக்கு மரக்கட்டையில் என்ன வேலை? சூரியனில் தோன்றும் புள்ளிகளின் ரகசியத்தைத் தேடித்தான் அமெரிக்காவின் அரிஸோனாவில் ஆண்ட்ரூ டக்ளஸ் மர வளையங்களை எண்ணத் தொடங்கினார். மழை பெய்த ஆண்டில் வளையம் அகலம். வறண்ட ஆண்டில் மயிரிழை. 1929-ல் ஷோ லோ என்ற ஊரில் கிடைத்த கரியேறிய உத்தரம் ஒன்று, அறுந்து கிடந்த இரு வளைய வரிசைகளை முடிச்சுப் போட்டது. 1276 முதல் 1299 வரை பெரும்பாலும் மெல்லிய வளையங்களே! பக்கத்துக் கொலராடோவில், மேசா வெர்டேயின் பாறையிடுக்கு வீடுகளைவிட்டு ஜனங்கள் வெளியேறியதும் அந்நாளில்தான். வறட்சி ஒன்றே காரணம் என்று நான் சாதிக்கமாட்டேன்; சண்டைகளும் இருந்தன. மனிதன் மூட்டை கட்டினான். மரம் எங்கே போகும்? தாகத்தில் தவிக்கும் பைன் மரத்தில் பிசின் வற்றிவிடும். பட்டையைத் துளைக்கும் வண்டை விரட்ட அதற்கிருந்த ஆயுதம் அதுதான். 2002, 2003-ல் அதே வட்டாரத்தில் பின்யான் பைன்கள் கூட்டங்கூட்டமாகப் பட்டுப்போயின.