குண்டு விழுந்த தூரம்

பள்ளிக்கூடத்தில் சரித்திரத்தை நமக்கு நாடு வாரியாகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கிலாந்துக்கு ஒரு புத்தகம், இந்தியாவுக்கு ஒரு புத்தகம், தென்னாட்டுக்குப் போனால் போகிறதென்று கடைசியில் நாலு பக்கம். எனக்கு வேறு விதமாகப் படிப்பதில் ஒரு ருசி உண்டு. ஏதாவது ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டு, அந்த ஒரு வருஷத்தில் உலகத்தில் எங்கெங்கே என்னென்ன நடந்தது என்று குறுக்காகப் படித்துப் பார்ப்பேன். மொட்டை மாடியில் நின்று அக்கம்பக்கத்துக் கொல்லைகளையெல்லாம் ஒரே பார்வையில் பார்ப்பது போன்றது அது. ஒரு வீட்டில் கல்யாணப் பந்தல் போடுகிறார்கள். அடுத்த வீட்டில் பாகப்பிரிவினைச் சண்டை. எதிர் வீட்டில் குழந்தை தூங்குகிறது. ஒருவர் சங்கதி மற்றவருக்குத் தெரியாது. பார்க்கிறவனுக்கு மட்டும் எல்லாம் தெரியும்.

அப்படி நான் அடிக்கடி எடுத்துப் படிக்கும் வருஷம் 1690. அந்தச் சித்திரையில் நம் பஞ்சாங்கப்படி பிரமோதூத வருஷம் பிறந்தது. அந்த வருஷத்தின் மேல் எனக்கு ஏன் இத்தனை பிரியம் என்று கேட்டால், செஞ்சிதான் காரணம்.

செஞ்சி என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது தேசிங்கு ராஜன். அவன் குதிரையும், நண்பன் மகமத்கானும், தெருக்கூத்தும் ஞாபகம் வரும். ஆனால் தேசிங்கு மாண்டது 1714-ல். அதற்கு இருபத்து நாலு வருஷங்களுக்கு முன்னால் செஞ்சிக் கோட்டையில் நடந்தது, உலகத்தின் மிகப் பெரிய சாம்ராஜ்யங்களில் ஒன்றை எட்டு வருஷம் கட்டிப் போட்ட சங்கதி.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவாஜி மகாராஜா 1677-ல் பீஜப்பூர்க்காரர்களிடமிருந்து செஞ்சியைப் பிடித்தார். தெற்கே இவ்வளவு தூரத்தில் ஒரு கோட்டை எதற்கு என்று அப்போது சிலர் நினைத்திருக்கலாம். பன்னிரண்டு வருஷம் கழித்து விடை கிடைத்தது. 1689-ல் ஔரங்கசீப் சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜியைப் பிடித்துக் கொன்றார். தலைநகரமான ராய்கட் விழுந்தது. சம்பாஜியின் மனைவி யேசுபாயும், அறியாப் பாலகனான மகன் ஷாஹுவும் சிறைப்பட்டார்கள். மிஞ்சியவர் சம்பாஜியின் தம்பி ராஜாராம் ஒருவர்தான். வயது இருபது கூட நிரம்பவில்லை. அவர் மாறுவேஷம் பூண்டு, கன்னட தேசத்தின் வழியாக ஒளிந்து மறைந்து வந்து செஞ்சியில் புகுந்தார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் இணைத்து மதில் போட்ட அந்தக் கோட்டை, ஒரு ராஜ்யத்துக்கே கடைசிப் புகலிடம் ஆயிற்று. மகாராஷ்டிர ராஜ்யத்தின் தலைநகரம் தமிழ்நாட்டில் இருந்தது என்றால் இன்றைக்குக் கூடக் கேட்கிறவர்கள் புருவத்தை உயர்த்துகிறார்கள். 1690 செப்டம்பரில், ராய்கட்டைப் பிடித்த அதே தளபதி ஜுல்பிகார்கான் பெரும் படையுடன் வந்து செஞ்சியை முற்றுகையிட்டார். 1698-ல்தான் கோட்டை அவர் கையில் விழுந்தது. விழுவதற்கு முன்பே ராஜாராம் தப்பிப் போய்விட்டார்.

இது செஞ்சி முற்றம். இனி மற்ற முற்றங்களை எட்டிப் பார்க்கலாம்.

அதே 1690-ல் நாட்டை இழந்து ஓடிய அரசர் ராஜாராம் மட்டும் அல்ல. இங்கிலாந்தின் இரண்டாம் ஜேம்ஸ் அரசரை 1688-ல் சிங்காசனத்திலிருந்து விரட்டியவர் வேறு யாருமில்லை, அவருடைய சொந்த மருமகன் வில்லியம்தான். மகள் மேரியும் புருஷன் பக்கம். ஜேம்ஸ் அயர்லாந்தில் படை திரட்டினார். 1690 ஜூலை 1-ஆம் தேதி, ஆங்கிலேயருடைய பழைய பஞ்சாங்கக் கணக்கில், பாய்ன் நதிக்கரையில் மாமனாரும் மருமகனும் மோதினார்கள். அதற்கு முதல் நாள் ஒரு பீரங்கிக் குண்டு வில்லியமின் தோளை உரசிக்கொண்டு போயிற்று. நாலு விரற்கடை தள்ளி வந்திருந்தால் இங்கிலாந்தின் சரித்திரமே வேறு. குண்டு தள்ளிப் போயிற்று, மருமகன் ஜெயித்தார், மாமனார் பிரான்ஸுக்கு ஓடினார், திரும்பவே இல்லை.

இன்னும் கிழக்கே, துருக்கியப் படைகள் மீண்டும் முன்னேறி வர, செர்பிய மக்கள் தங்கள் மதத் தலைவர் அர்செனியின் பின்னால் குடும்பம் குடும்பமாக வடக்கே இடம் பெயர்ந்தார்கள். அக்டோபரில் பெல்கிரேட் நகரம் துருக்கியர் கையில் மறுபடியும் விழுந்தது. அந்த வருஷத்தில் மூட்டை முடிச்சோடு நடந்தவர்களின் கூட்டம் பெரிது.

ஓடுவது கூடச் சுலபம். ஓடிப் போய்ச் சேர்ந்த இடத்தில் யுத்தம் நடத்துவதற்குப் பணம் வேண்டுமே! இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. ராஜாராமிடம் வீரம் மிக்க சர்தார்கள் இருந்தார்கள், கஜானா இல்லை. ஆகவே செஞ்சியில் உட்கார்ந்தபடியே அவர் சனதுகள் எழுதிக் கொடுத்தார். மொகலாயர் கையில் இருக்கும் நிலத்தையே, "பிடித்தால் உனக்கு" என்று சர்தார்களுக்கு எழுதிக் கொடுத்தார். இப்படியும் ஒரு சம்பளமா என்று சிரிக்க வேண்டாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றக்காரர்கள் அதே வருஷம் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கியூபெக்கைப் பிடிக்கக் கப்பலில் படை அனுப்பினார்கள். கொள்ளையில் சம்பளம் கொடுத்துவிடலாம் என்று நினைப்பு. கியூபெக் விழவில்லை, சிப்பாய்கள் வெறுங்கையோடு திரும்பிச் சம்பளம் கேட்டார்கள். டிசம்பரில் அந்த அரசாங்கம் காகிதத்தை அச்சடித்துக் கொடுத்தது. மேல்நாட்டு அரசாங்கம் ஒன்று வெளியிட்ட முதல் காகிதப் பணம் அதுதான் என்கிறார்கள். பாஸ்டனிலும் காகிதம், செஞ்சியிலும் காகிதம்! இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள். ஆனால் யுத்தம் என்கிற கடன்காரன் இரண்டு வாசலிலும் ஒரே குரலில்தான் கூப்பிட்டான்.

காகிதத்தில் சம்பளம் கொடுக்கலாம். வெடிமருந்து வாங்க முடியாது. ரொக்கம் வேண்டும். ரொக்கம் வைத்திருந்தவர்கள் கடற்கரையில் இருந்தார்கள். சென்னையில் ஆங்கிலக் கும்பினியார், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், அந்த வருஷத்தில்தான் பழவேற்காட்டிலிருந்து தலைமை இடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்ட டச்சுக்காரர். ஆங்கிலேயர்களுக்கு அது நல்ல காலமும் அல்ல. ஔரங்கசீப்போடு மோதிப் பார்த்துத் தோற்று, ஒன்றரை லட்சம் ரூபாய் அபராதம் கட்டி, அந்த 1690 பிப்ரவரியில்தான் மன்னிப்புப் பெற்றிருந்தார்கள். அந்த மன்னிப்பின் பயனாக, சென்னையில் ஒதுங்கியிருந்த ஜாப் சார்னாக் கப்பலேறி வங்காளம் போய், ஆகஸ்டு 24-ஆம் தேதி சுதாநுட்டியில் இறங்கினார். பிற்காலத்தில் அவரைக் கல்கத்தாவின் ஸ்தாபகர் என்று கொண்டாடினார்கள். அவர் வருவதற்கு முன்பே அங்கே ஊர்களும் ஜனங்களும் இருந்ததால், அப்படிச் சொல்லக் கூடாது என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2003-ல் தீர்ப்புச் சொன்னது.

அதே சமயத்தில் சென்னைக் கவர்னர் எலிஹு யேல் தெற்கே ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார். இந்த யேல் பிறந்தது பாஸ்டனில். பிற்காலத்தில் அமெரிக்காவின் பிரசித்தி பெற்ற சர்வகலாசாலை ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கப் போகிறது. கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்தில், ராஜாராமின் ஆட்சியில் இருந்த சிறிய கோட்டை ஒன்றை அவர் விலை பேசினார். பேரம் படிந்தது. கோட்டையோடு சுற்றுப்புறமும் சேர்த்துக் கொடுப்பதாக ஒப்பந்தம். எவ்வளவு தூரம் சுற்றுப்புறம்? அங்கேதான் வேடிக்கை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம்!

சென்னைக் கவுன்சிலார் சும்மா இருப்பார்களா? தங்களிடம் உள்ள பித்தளைப் பீரங்கிகளில் மிக நல்லதாகப் பார்த்துத் தெற்கே அனுப்பினார்கள். எவ்வளவு மருந்து கெட்டிப்பது, எப்படிச் சாய்த்துச் சுடுவது என்பதெல்லாம் பீரங்கிக்காரனின் சாமர்த்தியம் என்று சூசகமாகச் சொல்லியும் அனுப்பினார்கள். செப்டம்பர் மாதம், செஞ்சியில் ஜுல்பிகார்கான் கூடாரம் அடித்துக்கொண்டிருந்த அதே நாட்களில், கடலோரத்தில் பீரங்கி திசைக்கு ஒரு தடவையாக முழங்கிற்று. குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களெல்லாம், கடலூர்ப் பட்டணம் உள்பட, கும்பினியாருக்குச் சொந்தமாயின. கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள்.

செஞ்சிக்குத் தெற்கே, அதே விழுப்புரம் மாவட்டத்தில், பனமலை என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. செஞ்சியைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அங்கே போவதில்லை. 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராத்தியக் கோட்டைகளோடு செஞ்சியும் சேர்ந்த பிறகு அங்கே கூட்டத்துக்குக் கேட்க வேண்டியதில்லை. பனமலையிலோ ஒரு பெரிய ஏரி, பக்கத்தில் சிறு குன்று, குன்றின் மேல் தாளகிரீசுவரர் கோயில். காஞ்சிபுரத்துக் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன் எழுப்பியது. ஒரு சுவரில், குடை நிழலில் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று சிவபெருமானின் ஆட்டத்தைப் பார்க்கும் பார்வதியின் ஓவியம், பாதி அழிந்தும் அழகு அழியாமல் இருக்கிறது.

நான் அந்தக் குன்றின் மேல் உட்கார்ந்திருந்தபோது பெரிய மன்னர்களைப் பற்றி நினைக்கவில்லை. ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்தவர்களைப் பற்றித்தான் நினைத்தேன். 1690-ல் அந்தக் கோயிலுக்கு ஏறத்தாழ ஆயிரம் வயது. பல்லவர் போய்ச் சோழர், விஜயநகரத்தார், நாயக்கர், பீஜப்பூரார், மராத்தியர் என்று எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள். முற்றுகைப் படைக்கு நெல் வேண்டும், குதிரைக்குப் புல் வேண்டும், பாரம் இழுக்க மாடு வேண்டும். கோட்டைக்குள் இருப்பவர்களுக்கும் அவையேதான் வேண்டும். இரண்டும் ஒரே வயலிலிருந்துதான் வர வேண்டும். எட்டு வருஷம்! சரித்திர ஆசிரியர்கள் முற்றுகையை வர்ணிக்கும்போது மதில் எத்தனை அடி, பீரங்கி எத்தனை என்று சொல்வார்கள். களத்துமேட்டில் மிஞ்சியது எத்தனை கலம் என்பதும் யுத்தக் கணக்குதான்.

அந்த வருஷத்தின் இன்னொரு முற்றத்தையும் இங்கே காட்ட வேண்டும். இங்கிலாந்தில் ஜான் லாக் என்ற தத்துவ ஞானி, அரசாங்கத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன் முகப்பில் அச்சாகியிருந்த வருஷம் 1690. ஆளப்படுகிறவர்களின் சம்மதம் இல்லாமல் எந்த அரசுக்கும் நியாயமான அதிகாரம் கிடையாது என்பது அதன் சாரம். மாமனாரை விரட்டிய மருமகனின் ஆட்சிக்கு அது நியாயம் கற்பித்தது. பிற்காலத்தில் ஜனநாயகம் பேசிய பலருக்கும் அதுவே ஆதாரம் ஆயிற்று. மிக உயர்ந்த கருத்து. ஆனால் அந்தப் புத்தகம் லண்டன் கடைகளில் விற்ற அதே வருஷத்தில், அதே தேசத்து வியாபாரிகள் கடலூர் ஜனங்களின் சம்மதத்தைக் கேட்கவில்லை. பீரங்கியின் சம்மதத்தைக் கேட்டார்கள். விற்றவரும் கேட்கவில்லை, வாங்கினவரும் கேட்கவில்லை. காலையில் உழப் போனவன், மாலையில் வீடு திரும்புவதற்குள் வேறொரு ராஜாங்கத்தின் குடி ஆகியிருந்தான்.

ராஜாராமைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கழுத்தில் கத்தி இருக்கும்போது காலடி மண்ணை விற்காதவர் யார்? அவர் கண்ணில் தெரிந்த எதிரி ஔரங்கசீப். கடலோரத்து வியாபாரிகள் ரொக்கம் கொடுக்கும் கை. ஔரங்கசீப்பின் தளபதிகளும் அப்படியேதான் நினைத்தார்கள். செஞ்சி முற்றுகையின்போது அவர்களும் ஆங்கிலேயரிடம் உதவி பெற்றார்கள். 1693-ல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்ப்பேட்டைக் கிராமங்கள் மொகலாயர் தரப்பிலிருந்து கும்பினிக்குக் கிடைத்தன. முற்றுகையிட்டவர்களும் கொடுத்தார்கள், முற்றுகைக்குள் இருந்தவரும் கொடுத்தார். நடுவில் இருந்தவர்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த 1690 டிசம்பரில் இங்கிலாந்தின் வானசாஸ்திரி பிளாம்ஸ்டீட் தொலைநோக்கியில் ஓர் ஒளிப்புள்ளியைப் பார்த்து, ரிஷப ராசியில் ஒரு நட்சத்திரம் என்று குறித்துவைத்தார். அது நட்சத்திரம் அல்ல, யுரேனஸ் என்ற கிரகம் என்பது 1781-ல் ஹெர்ஷல் கண்டுபிடித்த பிறகே உலகத்துக்குத் தெரிந்தது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையையும் எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். வியாபாரச் சாவடி என்று குறித்துவைத்தார்கள். 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது, ஆங்கிலேயர்களுக்குத் தமிழ்க் கடற்கரையில் ஒதுங்க ஓர் இடம் இருந்தது. சென்னையிலிருந்து தப்பி வந்து அங்கே நுழைந்தவர்களில் ஒருவன், ராபர்ட் கிளைவ் என்ற இருபத்தொரு வயது குமாஸ்தா. மிச்சக் கதை நமக்குத் தெரியும். செஞ்சியில் எட்டு வருஷம் முழங்கிய பீரங்கிகள் நிர்ணயிக்காத விஷயத்தை, கடலோரத்தில் யாரையும் கொல்லாமல் விழுந்த சில குண்டுகள் நிர்ணயித்துவிட்டன.

கடலூர்ப் பக்கம் போகிறவர்கள் விசாரித்துப் பாருங்கள். குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இருக்கிறது. குண்டு சாலை இருக்கிறது. குண்டு விழுந்த எல்லைக்குள் அடங்கிய ஊர்களுக்குக் குண்டுக் கிராமங்கள் என்றே பெயர் வழங்கிற்று. விற்றவரின் ராஜ்யம் போயிற்று, வாங்கினவரின் ராஜ்யமும் போயிற்று, கோட்டையும் இடிந்துவிட்டது. சம்மதம் கேட்கப்படாத ஜனங்கள் தங்கள் ஊர்ப் பெயரிலேயே அந்த வழக்கைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்.